பொக்கிஷ அறையில் ஒரு பந்தாட்டக்காரன்

மருதங்காவூர் ராஜா திருவேங்கடப்பருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று பலாப்பழம், இன்னொன்று காற்பந்து. பலாப்பழத்தால் வயிற்றுவலி வந்தது. பந்தால் வந்ததோ தலைவலி.

பக்கத்து நாடு ஈச்சங்கோட்டை. இரண்டு நாட்டுக்கும் வாய்க்கால் ஒன்றுதான். ஆடிப் புதுவெள்ளம் வருவதற்கு முன்னால் இரு நாட்டாரும் பந்தாடுவார்கள். ஜெயித்த நாட்டு வயலுக்கே முதல் தண்ணீர். தோற்றவர்கள் காய்ந்த நாற்றங்காலைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதுதான்.

மருதங்காவூர் தோற்றுக்கொண்டே வந்தது. காரணம், ஈச்சங்கோட்டை ஆட்டக்காரன் முத்திருளன். பந்து அவன் காலுக்குப் போய்விட்டால் காற்றுக்குக்கூட அது திரும்பக் கிடைக்காது. ராஜா யோசித்தார். ஆள் அனுப்பி, ஆசை காட்டி, அவனைத் தம் பக்கமே அழைத்துக்கொண்டார். செப்பேடும் அடித்துக் கொடுத்தார்: "பத்து வருஷம், வருஷத்துக்கு ஆயிரம் வராகன், மாடி வீடு, பல்லக்கு. எது நடந்தாலும் குறையாது. முத்திருளனை நம் அரண்மனைப் பொக்கிஷமாக வைத்துக் காப்போம்."

அதோடு நின்றது அவன் ஓட்டம்.

பயிற்சிக்குப் பல்லக்கில் வருவான். பந்து பக்கத்தில் உருண்டு போனால், ஊருக்குக் கிளம்பும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்து நிற்பான். "வெயில் ஏறிடுச்சே" என்பான். "கணுக்கால் பிடிச்சிருக்கு" என்பான். அவன் கெட்டவன் இல்லை. ஓடினால்தான் சோறு என்ற காலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

சேனாபதி சவுக்கைக் காட்டினார். ராஜா தலையாட்டி மறுத்துவிட்டு, சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன பூவராகரைக் கூப்பிட்டார்.

"பூவராகரே, அவன் சம்பளத்தில் காசு குறையக் கூடாது. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. செப்பேட்டில் ஓர் எழுத்து மாறக் கூடாது. ஆனால் பந்தயத்தன்று அவன் பழையபடி ஓட வேண்டும்."

"ஓடாவிட்டால், மகாராஜா?"

"அவனுக்குப் பதில் நீர் ஓடுவீர்!"

பூவராகர் குனிந்து பார்த்தார். தொப்பைதான் தெரிந்தது, கால் தெரியவில்லை.

நேரே முத்திருளன் வீட்டுக்குப் போனார். அவன் ஊஞ்சலில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கீழே கிடந்த ஓர் எலுமிச்சம்பழத்தை அவன் கால் மட்டும் இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை. பூவராகருக்கு உயிர் வந்தது. 'ஆள்தான் தூங்குகிறான், கால் விழித்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஈட்டிக்காரர்களோடு வந்தார். "பொக்கிஷமே, புறப்படுங்கள்!"

"எங்கே ஐயா?"

"பொக்கிஷம் இருக்கவேண்டிய இடத்துக்கு. செப்பேட்டில் ராஜாவே எழுதியிருக்கிறாரே!"

இரும்புக் கதவு போட்ட அறை. பட்டு மெத்தை, நெய்ச் சோறு, வெள்ளிச் செம்பில் பானகம். மாதம் பிறந்ததும் சம்பளம் முழுசாகக் காலடிக்கு வந்தது. தினமும் காலையில் பண்டாரக் கணக்கர் வந்து மெல்லிய துணியால் எல்லாவற்றையும் துடைப்பார். "நவரத்தின மாலை ஒன்று. தங்க அம்பாரி ஒன்று. முத்திருளன் ஒன்று. சரியாயிருக்கிறது!" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவார்.

முதலில் முத்திருளனுக்குச் சுகமாகத்தான் இருந்தது. பிறகு மெத்தை குத்தியது.

"ஐயா, சும்மா கொஞ்சம் மைதானத்துப் பக்கம் போய்ட்டு வரட்டுமா?"

"அபசாரம்! பொக்கிஷத்தை யாராவது புழுதியில் உருட்டுவார்களா? கீறல் விழுந்தால் ராஜாவுக்கு யார் பதில் சொல்வது?"

பந்தய நாள் வந்தது. வெண்குடையின் கீழ், ராஜாவுக்குப் பக்கத்தில், கழுத்து கொள்ளாத மாலையோடு முத்திருளனை உட்காரவைத்தார் பூவராகர். அவன் இடத்தில் எண்ணெய்ச் செட்டியார் காளிங்கன் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஜனங்கள் "காளிங்கா! காளிங்கா!" என்று கத்தினார்கள். ஒருகாலத்தில் தன் பெயருக்கு எழுந்த கூச்சல் அது. முத்திருளன் மாலையை விலக்கிக்கொண்டு மைதானத்தை எட்டிப் பார்த்தான்.

ஈச்சங்கோட்டை ஒரு பந்தை மூங்கில் வாசலுக்குள் அடித்தது. மருதங்காவூர் உழவர்கள் தலையில் கைவைத்தார்கள்.

"முத்திருளன் இறங்கினா என்ன?" என்றான் ஒருவன்.

"அவரா? அவரு பொக்கிஷம்பா. பாக்கத்தான் முடியும்" என்றான் இன்னொருவன்.

அந்த நேரம் பந்து குடைப்பக்கம் பறந்து வந்தது. முத்திருளன் கால் தானாகத் துள்ளியது. ராஜாவின் பலாச்சுளைத் தட்டு ஆகாயத்தில் பறந்தது.

"ஐயா, என்னை விடுங்க!"

"ஆடவேண்டும் என்று செப்பேட்டில் ஒரு வார்த்தை இல்லையே, அப்பனே."

"செப்பேடு கிடக்கட்டும்! கால் கேக்க மாட்டேங்குது!"

"உன் சம்பளம் வழக்கம்போல் வரும். இந்த ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது."

"யார் கேட்டா?" மாலையைக் கழற்றிப் பூவராகர் கழுத்தில் போட்டுவிட்டுப் பாய்ந்தான் முத்திருளன்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் போதவில்லை. பந்து எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. மூங்கில் வாசல் ஒருமுறை அதிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் மறுமுறையும் அதிர்ந்தது. மருதங்காவூர் வயலுக்கே முதல் தண்ணீர்! உடம்பெல்லாம் புழுதியோடு, முழங்காலில் ரத்தத்தோடு, குழந்தைபோல் சிரித்துக்கொண்டு நின்றான் அவன்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பூவராகரே! உமக்கும் ஒரு செப்பேடு! பத்து வருஷத்துக்கு, வருஷம் ஆயிரம் வராகன்!"

பூவராகர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, அந்தத் தண்டனை மட்டும் வேண்டாம்!"

"தண்டனையா? ஏன்?"

"நாளையிலிருந்து நான் யோசிப்பதை நிறுத்திவிடுவேன். என்னை யோசிக்கவைக்க இன்னொரு புத்திசாலியைத் தேடுவீர்கள். சந்தோஷத்தில் அவனுக்கும் ஒரு செப்பேடு கொடுப்பீர்கள். அவனை எழுப்ப இன்னொருவன், அவனுக்கொரு செப்பேடு... சமைக்க ஒரு செம்புப் பாத்திரம் மிஞ்சுமா இந்த நாட்டில்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவரிடம் வீசினார்.

பூவராகர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "இது சரி மகாராஜா. இதற்கு இன்றைக்கு மட்டும் சோம்பலாக இருந்தால் போதும்."