ஆடாமல் ஜெயித்த வெண்குன்றம்

அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடுகிற கால்பந்தில், நெடுங்காலம் நாட்டின் சாம்பியன் யாரென்று பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் சொல்வார்களாம். இன்றைக்கும் கடைசிச் சுற்றில் யார் யார் ஆடலாம் என்பதை ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கிறதாம். இதைக் கேட்டுச் சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். மாவளநாட்டுக் கதை தெரிந்த எனக்கு என்ன ஆச்சரியம்?

மாவளநாட்டில் சடுகுடு என்றால் உயிர். நாற்பது பாடசாலைகள், நாற்பது அணிகள். எல்லாரும் எல்லாரோடும் மோதி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும். அதனால் மன்னர் தேவசேனாபதி ஏழு பிரபுக்களைப் பிடித்து ஒரு தரவரிசைச் சபை வைத்தார். ஆட்ட முடிவுகள் ஊர் ஊராக ஓலையில் வரும். சபை கூடும், வெற்றிலை போடும், ஓட்டுப் போடும். வெள்ளிக்கிழமைதோறும் முரசறைந்து வரிசையை அறிவிப்பார்கள். பருவம் முடியும்போது முதலிடத்தில் இருக்கும் பாடசாலைக்கு ஒரு வருஷத்து நெல் அரண்மனையிலிருந்து போகும்.

அந்த வருஷம் அந்த நெல் கிடைக்காவிட்டால் கல்லாற்றுப் பாடசாலை கதவைச் சாத்த வேண்டியதுதான். வெள்ளம் வந்து அவர்களுடைய களஞ்சியத்தையே கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் அரை வயிற்றோடு ஆடினார்கள். ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். சபை கொடுத்ததோ பதினோராவது இடம். இரண்டு ஆட்டம் தோற்ற ராஜவீதிப் பாடசாலைக்கு முதலிடம். அதை நடத்துகிறவர் சபைத் தலைவர் கனகசபாபதியின் மாப்பிள்ளை என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

கல்லாற்று அணித்தலைவன் பூவன் நேரே சபைக்குப் போய் நின்றான்.

"ஐயா, நாங்க ஒரு ஆட்டம்கூடத் தோக்கலியே?"

"தோற்கவில்லை, சரி. யாரை ஜெயித்தாய்? நோஞ்சான்களை!" என்றார் கனகசபாபதி.

"ராஜவீதிக்காரங்க ரெண்டு தடவ தோத்தாங்களே?"

"அது தரமான தோல்வியப்பா! அந்தத் தோல்வியிலும் ஒரு களை இருந்தது."

"நீங்க பாத்தீங்களா ஐயா?"

"பார்க்க வேறு வேண்டுமா? எங்கள் அனுபவம் என்ன, வயசு என்ன!"

"அப்ப எங்கள அவங்களோட மோத விடுங்க."

"முதலிடத்துக்காரன் பதினோராம் இடத்துக்காரனோடு மோதுவதா? நல்ல கதை! போ, போ!"

பூவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் அரசவை விகடகவி வடுகநாதன். அவன் பூவனைத் தனியே அழைத்தான்.

"தம்பி, ஊருக்குப் போய்ப் பயிற்சியை விடாமல் செய். பட்டம் சூட்டும் நாளில் உன் ஆட்களோடு கோட்டை வாசலுக்கு வந்துவிடு," என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபைக்குப் புதிதாக ஓர் ஓலை வந்தது. 'வெண்குன்றப் பாடசாலைக்கு மாபெரும் வெற்றி.' கூடவே ஏழு ஜாடி மலைத்தேன். சபையார் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள். வெண்குன்றம் ஒன்பதாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது எந்தத் திசையில் இருக்கிறது, யாரை ஜெயித்தது என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு கேள்வி வரவில்லை.

வாரம் ஓர் ஓலை வந்தது, வாரம் ஒரு வெற்றி வந்தது. மற்ற அணிகள் ஆடின. ஆடினால் தோற்கவும் வேண்டியிருந்தது. தோற்றவர்கள் கீழே இறங்க, வெண்குன்றம் மேலே ஏறியது. கடைசி வாரம் ராஜவீதி மூன்றாம் தடவையாக மண்ணைக் கவ்வியது. அந்தத் தோல்வியிலும் களை கண்டுபிடிக்கச் சபையாருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெண்குன்றம் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

பட்டம் சூட்டும் நாள். சபா மண்டபத்தில் முரசு அதிர்ந்தது. "வெண்குன்றப் பாடசாலை வருக!" என்று கட்டியக்காரன் கூவினான். ஒருவரும் வரவில்லை. மறுபடி கூவினான். ஈ காக்கை இல்லை.

"எங்கே அவர்கள்?" என்றார் மன்னர்.

"சபையாரைக் கேளுங்கள் மகாராஜா," என்றான் வடுகநாதன் பவ்வியமாக. "அவர்கள்தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்?"

மன்னர் திரும்பினார். "பார்த்தீர்களா?"

கனகசபாபதி வேர்வையைத் துடைத்தார். "கண்குளிரப் பார்த்தோம் மகாராஜா! என்ன வேகம்! என்ன பிடி!"

"அந்தத் தலைவன் ஆறடி உயரம்," என்றார் இன்னொரு பிரபு.

"ஆறரை," என்று திருத்தினார் மூன்றாமவர்.

"மகாராஜா, வெண்குன்றம் என்று ஓர் ஊரே கிடையாது," என்றான் வடுகநாதன். "ஓலை எழுதியது அடியேன். தேன் கடைத்தெருவில் வாங்கியது."

மன்னருக்கு முகம் சிவந்தது. "இந்த ஏழு பேரையும் சிறையில் போடுங்கள்!"

"அவசரப்படாதீர்கள் மகாராஜா. சபை அறிவித்த பட்டத்தை அரண்மனை மாற்றி வழக்கமில்லை. வெண்குன்றம் சாம்பியனாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே ஓர் ஆட்டமாவது ஆட வேண்டாமா? கல்லாற்று அணி வாசலில் காத்திருக்கிறது. ஜெயிக்கிறவர்களுக்கு நெல்லைக் கொடுங்கள்."

"இல்லாத ஊருக்கு ஆட ஆள் எங்கேயடா?"

"வெண்குன்றத்தின் ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் நாட்டிலேயே ஏழு பேர்தான் மகாராஜா. சடுகுடுவுக்கும் ஏழு பேர் போதும்."

மன்னருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரபுக்களே, பட்டு வேட்டியை வரிந்து கட்டுங்கள்!"

கோட்டை மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. முதலில் பாடிப் போன கனகசபாபதிக்கு நடுக்கோடு வருவதற்குள் மூச்சு நின்றது. பிறகு பூவன் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அவன் தொட்டது மூன்று பேரை. மீதி மூன்று பேர் அவன் வருவதைப் பார்த்தே விழுந்தார்கள்.

அன்றைக்கே நெல் வண்டிகள் கல்லாற்றுக்குக் கிளம்பின. பூவன் முதல் வண்டியில் ஏறி, மூட்டையின் மேல் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதான். மன்னர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வடுகநாதனுக்குப் போட்டுவிட்டு, புழுதியில் கிடந்த கனகசபாபதியிடம் குனிந்தார்.

"இப்போது சொல்லும். கல்லாற்றுக்கு எத்தனாவது இடம்?"

"முதலிடம் மகாராஜா! ஏழு ஓட்டும் அவர்களுக்கே!"

"அவ்வளவு நிச்சயமா?"

கனகசபாபதி வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"நிச்சயம் மகாராஜா. இந்த ஆட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம்!"