சங்குப்பூ கவிழ்ந்த கதை

அந்தக் காலத்தில், பூவும் முள்ளும் பேசிக்கொண்டிருந்தபோது (மனிதர்களைவிட அளவாகத்தான் பேசின), சங்குப்பூவும் அவரைப்பூவைப் போல நிமிர்ந்துதான் பூத்தது. அதன் அகலமான நீல இதழ் வானத்தைப் பார்த்து மேலே நிற்கும்.

ஓர் ஆடி மாதம் மூக்காயி என்பவள் சங்குப்பூ விதை ஒன்றை எடுத்தாள். அந்த விதைக்குத் தோலும் கெட்டி, வீம்பும் அதிகம். கல்லில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, வீட்டு வேலியோரம் ஊன்றினாள். ஏழாம் நாள் முளைத்தது. முளைத்து என்ன செய்ய? எழுந்து நிற்கத் தெம்பில்லை. கோழிகள் மிதித்துக்கொண்டு போயின.

வேலியில் காய்ந்த இலந்தை முள்கிளை ஒன்று கிடந்தது. "அண்ணே, கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?" என்று கொடி அதனிடம் கேட்டது.

"என்னையா?" முள்ளால் நம்பமுடியவில்லை. "என்னைத் தொட்டவங்க எல்லாம் திட்டிட்டுத்தான் போயிருக்காங்க."

"நான் திட்டமாட்டேண்ணே."

கொடி சுற்றிச் சுற்றி ஏறியது. ஆடு வாய் வைக்க வந்தால் முள் குத்தி விரட்டியது. புரட்டாசியில் வேலி முழுக்க நீலம். வந்தவர் போனவர் எல்லாம் பூவைப் புகழ்ந்தார்கள். முள்ளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஓடை நிரம்பி ஓடியது. காட்டுப் பக்கம் போய்ச் சுள்ளி பொறுக்க வழியில்லை. வயல் தண்ணீரில் நின்று நனைந்துவிட்டு வந்த மூக்காயியின் கணவன் சடையன், "சூடா கஞ்சி வையி புள்ள" என்று நடுங்கினான். வீட்டில் விறகில்லை. இரண்டு நாள் வெயிலில் வேலி முள் மட்டும் காய்ந்திருந்தது.

"இந்த முள்ள இழுத்தா ஒரு வேளை அடுப்புக்கு ஆகும். கொடிதான் பெருத்துப்போச்சே, தானா நின்னுக்கும்" என்று சொல்லிவிட்டு மூக்காயி அரிவாள் எடுக்க உள்ளே போனாள்.

கொடிக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, இதழைக் கவிழ்த்து உங்களை மறைச்சிடுறேன்."

தேன் குடித்துக்கொண்டிருந்த தேனீ குறுக்கிட்டது. "கிறுக்கா உனக்கு? தலைகீழா நின்னா எனக்கு வாசல் தெரியாது. நான் வரலேன்னா காய் ஏது, விதை ஏது? ஏறியாச்சு, இனி ஏணி எதுக்கு?"

"அது சொல்றது நியாயம்தான் தங்கச்சி" என்றது முள். "நான் எப்பவோ செத்த முள்ளு. என்னை விட்டுடு."

"நீங்க இல்லேன்னா நான் மண்ணோட மண்ணா போயிருப்பேண்ணே."

சொன்ன கையோடு கொடி எல்லாப் பூக்களையும் கவிழ்த்தது. அகல இதழ்கள் கீழே தொங்கி முள்ளை மூடின.

மூக்காயி அரிவாளோடு வந்து திகைத்தாள். "அட, எங்கன கைய வைக்கிறது? எல்லாம் பூவால்ல கெடக்கு!" வெட்ட மனம் வரவில்லை. பழைய முறத்தை உடைத்து அடுப்பில் போட்டுத்தான் அன்றைக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

தேனீ கோபித்துக்கொண்டு அவரைப் பந்தலுக்குப் போய்விட்டது. கொடி பயந்தபடி காத்திருந்தது. சில நாளில், பூ உதிர்ந்த இடமெல்லாம் தட்டைக் காய்கள் தொங்கின. தேனீயின் தயவே இல்லாமல்!

கொடி சந்தோஷத்தில் அழுதேவிட்டது. "இத்தனை காயும் உங்களுக்குப் பாரமா இருக்காண்ணே?"

"கொடிக்குக் காய் பாரமா? எனக்கும் அப்படித்தான்மா."

அன்று கவிழ்ந்த சங்குப்பூ இன்றுவரை நிமிரவில்லை. தேனீ வந்தாலும் காய்க்கிறது, வராவிட்டாலும் காய்க்கிறது. தாங்குவது காய்ந்த முள்ளே ஆனாலும், அகல இதழைத் தாழ்த்தி அதைப் பார்த்தே பூக்கிறது.