வெள்ளித் துகளின் வடிவம்

"மேடம், வெண்ணிலா பார்த்தது தப்பு. அவ ஆய்வேட்டைத் திருத்த நீங்க அனுமதி குடுங்க."

பேராசிரியர் தஸ்லீமா நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற இருதயராஜ் அவரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தியவர், தலை நரைத்தபிறகு தஸ்லீமாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். வெண்ணிலா அங்கே அவருக்கு மகள் வயதுள்ள இன்னொரு மாணவி.

"என்ன தப்பு, சார்?"

"வெள்ளித் துகள் உருண்டைன்னு எழுதியிருக்கா. எனக்கு அத்தனையும் முக்கோணமாத் தெரியுது."

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு."

"அதான் சொல்றேன். சபையில அசிங்கப்படக் கூடாதில்லையா?"

அந்த ஆய்வுக்கூடத்தில் இருதயராஜ் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காரணம் இருந்தது. அங்கிருந்த நுண்ணோக்கி வெளிச்சத்தால் பார்ப்பதில்லை, தொட்டுப் பார்ப்பது. கண் தெரியாதவர் விரலால் முகத்தைத் தடவி அறிவதுபோல, கண்ணுக்கே தெரியாத ஒரு ஊசிமுனை, துகள் ஒட்டிய தகட்டைத் தடவிக்கொண்டே போகும். கணினி அதைப் படமாக வரையும். கை கொஞ்சம் தவறினால் முனை போச்சு. பிள்ளைகள் ஊசியை உடைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். இருதயராஜோ ஆடியில் பூட்டிய ஊசியைத் தை பிறந்தும் கழற்றவில்லை. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தஸ்லீமா எழுந்து போனார். இருதயராஜின் தகட்டை இடுக்கியால் எடுத்து, கால்வாசி திருப்பி, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"இப்பப் பாருங்க, சார்."

"அதே தகடுதானே?"

"அதேதான்."

திரையில் படம் வரிவரியாக இறங்கியது. இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள்.

தகட்டில் ஒரு கீறல் உண்டு. இதுவரை படுக்கையாகத் தெரிந்த கீறல் இப்போது செங்குத்தாகத் தெரிந்தது.

"கீறல் திரும்பியிருக்கா?"

"திரும்பியிருக்கு, மேடம்."

"முக்கோணம்?"

இருதயராஜ் திரையை நோக்கிக் குனிந்தார். முன்பு அத்தனை முக்கோணங்களும் மேலே பார்த்து நின்றன. இப்போதும் மேலேதான் பார்த்தன.

அவர் திரையை விட்டு, ஊசி பூட்டிய இடத்தைப் பார்த்தார்.

"முனை உடைஞ்சிருக்கு," என்றார் மெல்ல. "துகள் முக்கோணம் இல்லை. என் ஊசிதான் முக்கோணம். தொட்டதுல எல்லாம் தன் வடிவத்தையே வரைஞ்சிருக்கு."

"எப்போ உடைஞ்சது?"

"தெரியலை, மேடம்."

தஸ்லீமா அதற்குமேல் அதைக் கிளறவில்லை.

"வெண்ணிலாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"நேத்து சொன்னேன். இன்னொரு தடவை நல்லாப் பாரும்மான்னு."

"பார்த்தாளா?"

"பார்த்தா. ஆமா சார், முக்கோணம் மாதிரிதான் தெரியுதுன்னு சொன்னா. ராத்திரியே திருத்த ஆரம்பிச்சுட்டா."

"உங்க ஊசியிலயா பார்த்தா?"

"இல்லை, மேடம். அவளோட ஊசியிலதான். புதுசு அது. அதுல ஒரு குறையும் இல்லை. அப்போ, நான் சொன்னேன்னுதான் அவ..."

இருதயராஜ் எழுந்தார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் வெண்ணிலாவைத் தேடி ஓடினார்.