வெள்ளச்சி வாசலில் குவிந்த பனி

சரக்... சரக்... சரக்...

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முயல் வெள்ளச்சி காதுகளை நிமிர்த்தினாள். பால் குடித்துக்கொண்டிருந்த மூன்று குட்டிகளையும் வைக்கோலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அவை பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. பொத்தென்று ஏதோ விழுந்தது. சத்தம் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சரக், சரக். மறுபடியும் பொத்.

எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. முதுகைக் கதவில் கொடுத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

தாழ்ப்பாள் இல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பனிமலைச் சரிவில் ஒரே ஒரு பாதை. அதன் ஓரமாக ஏழு வளைகள். உச்சி வளையில் மலையாடு தாடியப்பர். அடி வளையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில், வெள்ளச்சி. முதல் பனி விழும் நாளில் எல்லோரும் தங்கள் தாழ்ப்பாள் கட்டையைக் கழற்றித் தாடியப்பரிடம் கொடுத்துவிட வேண்டும். புயலில் சிக்கியவர் எந்தக் கதவைத் தள்ளினாலும் அது திறக்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். பனி உருகும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. அதுவும் வழக்கம்.

இன்னொரு வழக்கம் பனி தள்ளுவது. விடிந்ததும் தாடியப்பர் தன் வாசல் மணியை ஐந்து முறை அடிப்பார். எல்லோரும் பலகையோடு வெளியே வருவார்கள். அவரவர் வாசல் பனியை அவரவர் தள்ளிக்கொண்டு போய், நாற்பது எட்டு வைத்து நடந்தால் வரும் பள்ளத்தில் கொட்ட வேண்டும். வெள்ளச்சி இந்த வேலையில் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. பிரசவத்துக்கு முந்தின நாள்கூட வயிற்றைத் தூக்கிக்கொண்டு பலகை பிடித்தாள்.

அவள் புருஷன் உயிரோடு இல்லை. பனிக்காலம் தொடங்குமுன் காட்டுக்கு இரை தேடப் போனவனை அவள் கண்ணெதிரிலேயே பனிச்சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மற்ற ஆறு வளைக்காரர்களும் வந்து துக்கம் விசாரித்தார்கள். "நாங்க இருக்கோம்" என்று ஆறு பேரும் சொன்னார்கள்.

விடிந்ததும் வெள்ளச்சி கதவை உள்பக்கம் இழுத்தாள். பனி மடமடவென்று அவள் மேலேயே சரிந்தது. அதைத் தோண்டி வெளியே வந்து பார்த்தாள். மேல் வீட்டு நரி சிங்காரியின் வாசல், நக்கித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

"சிங்காரி அக்கா, ராத்திரி என் வாசல்ல பனி கொட்டினது நீங்களா?"

"நானா? காத்து அடிச்சிருக்கும் கண்ணு."

"காத்து பலகை வச்சா தள்ளும்? தடம் உங்க வாசல்லேர்ந்து வருதே அக்கா."

சிங்காரி வாலை உதறினாள். "சரி, நான்தான். இப்ப என்ன? பள்ளத்துக்கு நாப்பது எட்டு நடக்கணும். உன் வாசலுக்குப் பத்தே எட்டு. எனக்கு இடுப்பு வலி. உனக்கு ஆண்டவன் குடுத்த பின்னங்கால் இருக்கு. சேர்த்துத் தள்ளிட்டுப் போயேன். ஒரு வீட்டுப் பனிதானே?"

ஒரு வீட்டுப் பனி மறுநாள் இரண்டு வீட்டுப் பனியானது. மேலே இருந்த கீரி தம்பதி பார்த்தார்கள். நரி கொட்டும்போது நாம் மட்டும் எதற்குப் பள்ளம்வரை நடக்க வேண்டும்? மூன்றாம் நாள் மற்றவர்களுக்கும் அதே யோசனை வந்தது. இருட்டில் செய்தது போய், பட்டப்பகலில் மணி அடித்ததும் வரிசையாக வந்து கொட்டினார்கள். வரிசை மட்டும் குலையவில்லை. ஒருவர் பின் ஒருவராக, முட்டாமல் மோதாமல், ஒழுங்காக வந்து கொட்டினார்கள்.

முள்ளம்பன்றி முள்ளன் ஒருவன்தான் அவளிடம் பேசினான்.

"உன் பக்கம்தான் நியாயம் தங்கச்சி."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்களேன் அண்ணே."

"சொல்லலாம். ஆனா நரிகூட நான் எதுக்கு வம்பு வச்சுக்கணும்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல?" என்று சொல்லிக்கொண்டே முள்ளன் தன் பலகையைச் சாய்த்தான். அவன் வீட்டுப் பனியும் அவள் வாசலில் விழுந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளச்சியின் பலகை உடைந்தது. குட்டிகளை வைக்கோலால் மூடிவிட்டு உச்சிக்கு ஓடினாள். தாடியப்பர் வாசலில் எல்லோரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஐயா, என் வாசலை மட்டும் நான் சொல்லலை. கீழே பாறை இடுக்கே மூடிக்கிட்டு வருது. காட்டுக்கு இருக்கிறது அந்த ஒரு வழிதான். நாளைக்கு ஆபத்துன்னா எந்தப் பக்கம் ஓடுவோம்?"

"பனிக்காலத்துல காட்டுக்கு யாரும்மா போறா?" என்றது ஆண் கீரி.

"அவ புருஷன் போனானே" என்றாள் சிங்காரி மெதுவாக.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

தாடியப்பர் தாடியை நீவினார். "சட்டம் என்ன சொல்லுது? அவரவர் வாசல் பனியை அவரவர் தள்ளணும். உன் வாசல்ல இருக்கிற பனி உன் பனி. எங்கேருந்து வந்தேன்னு பனியைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா?"

"பலகை உடைஞ்சு போச்சுங்கய்யா. வேற ஒண்ணு இருந்தா குடுங்க. இல்லேன்னா குட்டிங்களோட உள்ளேயே மூடிக்குவேன்."

தாடியப்பர் உள்ளே போனார். சுவரோரம் ஏழு தாழ்ப்பாள் கட்டைகளும் அடுக்கி இருந்தன. அதில் ஆகச் சின்னதை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

"இந்தா, உன் கட்டை. இதை வச்சுத் தோண்டிக்கோ."

இப்போது யாரும் இருமவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள்.

"ஆனா கதவுல போட்டுடாதே" என்றார் தாடியப்பர். "வழக்கம்னா வழக்கம்தான்."

"போட மாட்டேங்கய்யா."

அவள் சொன்ன சொல் தவறவில்லை. பகல் முழுக்க அந்தக் கட்டையால் தோண்டினாள். ஒரு முயல் நுழையும் அகலத்துக்கு ஒரு சந்து, அவ்வளவுதான் முடிந்தது. மறுநாள் காலையில் அதுவும் மூடியிருக்கும். ராத்திரியில் கட்டையைக் கதவோரம் சாய்த்துவைப்பாள். கதவின் இரண்டு பக்கமும் அது பொருந்தும் குழிகள் காலியாக இருக்கும். மேலே எங்கேயாவது பனி சரிந்து சத்தம் கேட்டால் எழுந்து கட்டையைத் தொடுவாள். குட்டிகளைப் பார்ப்பாள். போட மாட்டாள். முதுகைக் கதவில் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள்.

நடுப்பகல் வெயிலில் அந்தக் குவியல் லேசாக உருகும். ராத்திரிக் குளிரில் இறுகும். ஒரு மாதத்தில் அது பனியாக இல்லை. இரண்டு நரி உயரத்துக்குக் கண்ணாடி போல வழுக்கும் சுவராகி, பாறையிலிருந்து பாறைவரை நின்றது. மேலே பாதையோ அருமையாக இருந்தது. ஒரு துளி பனி கிடையாது. "இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் சுத்தமா இருந்ததில்லை" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது.

பலகையோடு வெளியே வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உச்சியில் மணி ஆடிக்கொண்டிருந்தது. தாடியப்பர் இல்லை. அவர் நின்ற இடத்தில் பனிச்சிறுத்தை நின்றது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

யாரும் வீட்டுக்குள் ஓடவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் போய் என்ன செய்வது? எல்லோரும் காட்டை நோக்கிக் கீழே ஓடினார்கள். பாதை வழுவழுவென்று இருந்ததால் வேகமாகவே ஓடினார்கள். வேகமாகவே வந்து அந்தப் பனிச்சுவரில் மோதினார்கள்.

கீரிகள் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தன. முள்ளனின் நகம் பெயர்ந்தது. சிங்காரிதான் முதலில் நினைவுபடுத்தினாள்.

"அவகிட்ட கட்டை இருக்கு! ஏழு வீட்டுல அந்த ஒரு கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இருக்கு!"

சரக், சரக், சரக். வெள்ளச்சிக்கு அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. இந்த முறை பலகை இல்லை, நகங்கள்.

"வெள்ளச்சி, கண்ணு, அக்காடா. கதவு திறந்துதானே இருக்கு?"

"திறந்துதான் இருக்கு அக்கா. பனிதான் அடைச்சிருக்கு."

"தங்கச்சி, உள்ளேருந்தும் தோண்டும்மா" என்றான் முள்ளன். "ரெண்டு பக்கமும் தோண்டினா சீக்கிரம் முடியும்."

வெள்ளச்சி கதவை இழுத்தாள். கட்டையை எடுத்துத் தோண்டினாள். ஆமாம், தோண்டினாள். ஒரு மாதமாகத் தனியாகத் தோண்டிய அதே பனியை, அவர்களுக்காகவும் தோண்டினாள். சந்து திறந்து வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் சிங்காரியின் மூக்கு தெரிந்தது.

"நான் முதல்ல" என்றாள் சிங்காரி.

"தள்ளு, நான் முதல்ல" என்றான் முள்ளன்.

சிங்காரி அவனைப் பின்னங்காலால் உதைத்தாள். அவன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அவள் இடுப்பில் இடித்தான். கீரிகள் இருவர் மேலும் ஏறின. ஒரு முயல் அகலச் சந்தில் நாலு பேர் அடைத்துக்கொண்டார்கள். யாராலும் உள்ளே வரவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை.

அவர்கள் தலைக்கு மேலே வெளிச்சம் மறைந்தது. புள்ளி போட்ட ஒரு கால் மெதுவாகப் பனியில் ஊன்றியது. வெள்ளச்சிக்கு அந்தக் காலைத் தெரியும். அவள் புருஷன் கழுத்தில் பதிந்த கால் அது.

வைக்கோலுக்குள் ஒரு குட்டி முனகியது.

வெள்ளச்சி பின்வாங்கினாள். கதவைத் தள்ளிச் சாத்தினாள். கட்டையைத் தூக்கினாள். தோண்டித் தோண்டி அதன் முனைகள் தேய்ந்திருந்தன. பொருந்துமோ பொருந்தாதோ தெரியவில்லை.

"வெள்ளச்சி!" என்று அலறினாள் சிங்காரி. "இது நம்ம வழக்கம் இல்லையே!"

"இல்லைதான் அக்கா" என்றாள் வெள்ளச்சி.

கட்டை இரண்டு குழிகளிலும் போய் உட்கார்ந்தது.

எந்த வாசலை நம் வீட்டுப் பனியால் மூடினோமோ, அந்த வாசலில் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் நாளில் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.