கேட் பூட்டும் நேரம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு சீனியம்மாள், துகள் இயற்பியலில் முனைவர். சீடர் ஞானாதிக்கம், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனியம்மாளுக்கு எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவரும் அவரேதான். ஆனாலும் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருக்கும். அவர் விடமாட்டார்.

இருபத்திரண்டு வயதிலேயே அவருக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா இல்லை, மூன்று தங்கைகள். வேலைக்குப் போய்விட்டார். ஓய்வு பெற்ற மறுவாரம் விண்ணப்பம் போட்டார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் பொறுப்பில் ஒரு டைம் புரொஜக்ஷன் சேம்பர் இருந்தது. பெயர்தான் நீளம். எல்லோரும் டிரம் என்பார்கள். இரண்டு மீட்டர் உருளை, உள்ளே ஆர்கான் வாயு. வானத்திலிருந்து வரும் துகள் ஒரு நொடிகூட ஆகாமல் அதற்குள் புகுந்து வெளியேறிவிடும். போகிற வழியெல்லாம் வாயுவிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். மின்புலம் அவற்றை ஒரே வேகத்தில் ஒரு முனைக்கு இழுத்துவரும். அங்கே இருக்கும் தகடு, எது எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். அதை வைத்துத் துகள் போன பாதையை வரைந்துவிடலாம். தகடு எவ்வளவு நேரம் வரவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குப் பெயர் கேட்.

சீனியம்மாள் ஒரு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய திங்கட்கிழமை காலை, ஞானாதிக்கம் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"என்ன சார் இது?"

"கையெழுத்து போட்டுக் கொடுங்க மேடம். நான் விலகிக்கிறேன்."

"வியாழக்கிழமை நீங்க ஆய்வுக் குழு முன்னாடி பேசணுமே!"

"அதுக்குத்தான் இன்னைக்கே கொடுக்கிறேன்."

அவள் கடிதத்தைப் படித்தாள். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்து. 'இந்த ஆராய்ச்சிக்கு நான் தாமதமாக வந்துவிட்டேன். ஆகவே என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"டிரம்மைக் கெடுத்துட்டேன் மேடம். எல்லாக் கோடும் பாதியிலேயே முறியுது. காத்து உள்ள புகுந்து எலக்ட்ரானைத் தின்னுதோன்னு மூணு வாரமா ஒவ்வொரு குழாயா சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துட்டேன். ஒரு கசிவும் இல்லை. வேற யாராவதா இருந்தா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருப்பாங்க. எனக்கு மூளை தேஞ்சு போச்சு."

சீனியம்மாள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். நூறு கோடுகள் இருந்தன. தூரத்து முனை வரை போயிருக்க வேண்டிய அத்தனையும் ஒரே இடத்தில் நறுக்கினாற்போல நின்றிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கேட்டை எப்போ மூடுறீங்க சார்?"

"இருபத்தஞ்சு மைக்ரோ செகண்டுல."

"அந்த முனையிலேர்ந்து வந்து சேர நாற்பது ஆகுமே."

"அது தெரியும். ஆனா இருபத்தஞ்சுக்கு மேல வந்ததெல்லாம் மெலிசா, சிதறலா இருந்துச்சு. நேரத்துக்கு வராதது குப்பைதானேன்னு..."

மீதியை அவர் விழுங்கிவிட்டார்.

அவள் இருபத்தைந்தை அழித்துவிட்டு நாற்பத்தைந்து என்று தட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு துகள் வந்தது. புள்ளி புள்ளியாக ஒரு கோடு எழுந்து, முறியாமல் தூரத்து முனை வரை போய் முடிந்தது.

"டிரம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்போ நான்தான் நல்லா இல்லை." அவருக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. "இந்தச் சின்ன விஷயத்துக்கு மூணு வாரம்! கையெழுத்து போடுங்க மேடம்."

சீனியம்மாள் கடைசிப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"இது எப்போ கிளம்புச்சு சார்?"

"மத்ததோட சேர்ந்துதான்."

"பின்னே ஏன் கடைசியா வந்துச்சு?"

"தூரம் மேடம்."

பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி டக்கென்று சொன்னார். அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எட்டாம் வகுப்புல நான் முதல் பீரியட்டுக்கு உள்ள வந்ததே இல்லை. ஞாபகம் இருக்கா சார்?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஒன்பதரைக்கு நீங்க கேட்டைப் பூட்டிருவீங்க. எங்க ஊர் பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் வரும்."

"உன்னையா நிறுத்தி வச்சேன்?" 'மேடம்' எங்கேயோ போய்விட்டது.

"தினமும். ஆனா உங்க குரல் ரோடு வரைக்கும் வரும் சார். கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டேதான் ஒளிவிலகல் படிச்சேன். முழு மார்க்!"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறையே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"பாவி நான்... ஏன் லேட்டுன்னு ஒரு நாளாவது உன்கிட்ட கேட்டேனா?"

"கேட்டீங்களே. தினமும் கேட்டீங்க. எங்கேருந்து வர்றேன்னுதான் கேட்கலை."

ஞானாதிக்கம் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"எங்கேருந்தும்மா வந்தே?"

"ரெண்டு கிலோமீட்டர் நடை. அப்புறம் பதினெட்டு கிலோமீட்டர் பஸ்."

அவள் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீங்களும் இதுல தாமதம்னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க. எவ்வளவு தூரத்துலேருந்து வர்றீங்கன்னு எழுதலையே சார்."