வேலாயி வைத்த கிழங்கு விருந்து

மலைச்சரிவில், ஓடைக்குப் பக்கத்தில், வேலாயி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது.

போன மழைக்காலத்தில் மேலேயிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று வேலாயியின் பின்னங்காலை நசுக்கிவிட்டது. மழை ஓயும்வரை அதனால் இரை தேடிப் போக முடியவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் அதைப் பட்டினி கிடக்க விடவில்லை. நீராளன் என்ற நீர்நாய் ஓடைக்குள் மூழ்கி அல்லிக்கிழங்கு பிடுங்கி வந்து கொடுத்தது. காட்டிலேயே சிறிய மானான சருகுமான் பொடிச்சி, நெல்லிக்காய்களை மூக்கால் உருட்டி உருட்டியே வளைவாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கரியன் என்ற கரடி தினமும் வேலாயியை முதுகில் ஏற்றி, ஓடைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் காட்டியது. முள்ளம்பன்றியை முதுகில் சுமப்பது எப்படியிருக்கும் என்று யாரும் கரியனிடம் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.

கோடை வந்தபோது கால் ஆறியிருந்தது. லேசாக நொண்டினாலும் நடக்க முடிந்தது. தன்னைக் காப்பாற்றியவர்களுக்கு வயிறார ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும் என்று வேலாயி முடிவு செய்தது. வளைக்கு முன்னால் பெரிய குழி வெட்டி, நெருப்பு மூட்டி, கிழங்கு சுட்டுக் கொடுக்கலாம். அந்த மூவரை மட்டுமல்ல, சரிவில் இருந்த எல்லாரையும் அழைத்தது.

"யாரும் எதுவும் கொண்டுவர வேணாம். யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. வந்து உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தது.

பிறகு வேலை தொடங்கியது. வேலாயி பொழுதெல்லாம் மண்ணைக் கிளறி வள்ளிக்கிழங்கும் கவலைக்கிழங்கும் தோண்டியது. ஒவ்வொன்றையும் ஓடையில் கழுவி, தேக்கிலையில் பொதிந்து, மேலே களிமண் பூசியது. விறகு பொறுக்கியது. குழியைச் சுற்றி உட்காருவதற்குக் கற்களைத் தள்ளி வைத்தது.

விருந்தன்று காலையில் கரியன் வந்தது. மேட்டில் இடி விழுந்த மரம் இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது, அதிலிருந்து கங்கு எடுத்து வரட்டுமா என்று கேட்டது. வேண்டாம், நானே போகிறேன் என்று வேலாயி சொல்லிவிட்டது. நீராளன் வந்து, கிழங்கையாவது கழுவித் தருகிறேன் என்றது. வேலாயி அதையும் அனுப்பி வைத்தது.

கடைசியாகப் பொடிச்சி வந்தது. வாசலெங்கும் கிடந்த காய்ந்த சருகுகளைப் பார்த்தது.

"அக்கா, இதைக் கூட்டித் தள்ளிடட்டுமா?"

"நீ விருந்தாளி. விருந்தாளி துடைப்பம் பிடிக்கலாமா? போய்ட்டு சாயங்காலம் வா."

பொடிச்சி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. தனது பதில் அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று வேலாயி யோசிக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. மேட்டுக்குப் போய்க் கங்கு எடுத்து வந்ததில் கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் ஒரு பாதியைக் கூட்டி முடித்தது. மறுபாதியைக் கூட்ட முடியவில்லை.

சாயங்காலம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். குழியில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. வேலாயி ஓரிடத்தில் நிற்கவில்லை. விறகைத் தள்ளியது, கிழங்கைப் புரட்டியது, வந்தவர்களை உட்காரச் சொன்னது. யாரோடும் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. விருந்தாளிகள் கற்களில் உட்கார்ந்து, அது நொண்டுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

திடீரென்று ஓடைப்பக்கமிருந்து காற்று வீசியது. குழியிலிருந்து பறந்த பொறி, கூட்டாத சருகில் விழுந்தது. சருகு குப்பென்று பற்றிக்கொண்டது. அதற்கு அப்பால்தான் பொடிச்சி விருந்துக்குக் கூட்டி வந்த தன் குட்டியைப் படுக்கவைத்திருந்த புதர்.

வேலாயி தீயை மிதிக்க ஓடியது. கால் மடங்கிக் கீழே விழுந்தது.

அதற்குமேல் யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கரியன் இரண்டு கைகளாலும் மண்ணை வாரித் தீயின்மேல் கொட்டியது. நீராளன் ஓடையில் குதித்து எழுந்து, நனைந்த உடம்போடு ஓடி வந்து சருகில் புரண்டது. விருந்துக்கு வந்திருந்த குரங்குகள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தன. பொடிச்சி தீயைச் சுற்றி ஓடிப் புதருக்குள் நுழைந்து, குட்டியை வெளியே கூட்டி வந்தது. புதரின் ஓரம் கருகியதோடு தீ அடங்கிவிட்டது.

வேலாயி விழுந்த இடத்திலேயே கிடந்து அழுதது.

"உங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டு நன்றி சொல்லணும்னு ஆசைப்பட்டேன். கடைசியில இந்தக் குட்டி உயிருக்கே ஆபத்து வர வெச்சுட்டேன். அணைக்கிற வேலையும் உங்க தலையில விழுந்துச்சு."

பொடிச்சி குட்டியோடு அருகில் வந்தது.

"அக்கா, இந்தக் காட்டுல என்கிட்ட யாரும் எந்த உதவியும் கேட்டதில்ல. நான் அவ்வளவு சின்னவ. மழையில நான் உருட்டிட்டு வந்த நெல்லிக்காயை நீங்க சாப்பிட்டப்பதான், என்னாலயும் ஒருத்தரைக் காப்பாத்த முடியும்னு எனக்குத் தெரிஞ்சுது. இன்னிக்குக் காலையில நீங்க வேணாம்னு அனுப்பினீங்க. நான் மறுபடி ஒண்ணுக்கும் ஆகாதவளாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

வேலாயி தலையைத் தூக்கிப் பொடிச்சியைப் பார்த்தது. இத்தனை நாளும் எவ்வளவு பெரிய விருந்து வைக்கலாம் என்றே அது யோசித்திருந்தது. இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை.

அது கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என்னால எழுந்திருக்க முடியல, பொடிச்சி. கிழங்கு வெந்திருச்சான்னு நீ கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?"

பொடிச்சி துள்ளிக் குழியருகே போனது. கரியன் ஒரு கிழங்கை வெளியே உருட்டிவிட, களிமண்ணைத் தட்டி, இலையைப் பிரித்து, ஒரு வாய் கடித்துப் பார்த்தது.

"ஒரு பக்கம் தீஞ்சிருக்கு. மறுபக்கம் வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றது.

எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். நீராளன் தண்ணீர் கொண்டுவந்தது. குரங்குகள் கிழங்குகளைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தன. கரியன் வேலாயியைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தது. வேலாயி வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, உதவிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, மழைக்காலத்தில் அவர்கள் தனக்கு என்ன செய்தார்கள் என்று நிதானமாகச் சொல்லி நன்றி கூறியது. சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

நமக்கு உதவியவர்களுக்கு நன்றி காட்ட நினைத்தால், அவர்கள் அன்போடு மறுபடி நீட்டும் கையையும் மனமாரப் பற்றிக்கொள்ள வேண்டும்.