நாட்டை ஒன்றுபடுத்திய மூன்று ஓட்டு

சரித்திரம் நாம் படித்த வழியில் போகாமல் கொஞ்சம் கோணிக்கொண்டு போன ஓர் அமெரிக்கா இருந்தது. அங்கே ஐம்பத்தொன்றாவதாக ஒரு மாநிலம், பெயர் கோல்டன்பரோ. கட்சிகள் இரண்டு. ஒன்று கழுகுக் கட்சி, இன்னொன்று காட்டெருமைக் கட்சி.

கோல்டன்பரோ தமிழ்ச் சங்கத்துக்குத் தணிகாசலம் பதினொரு வருஷமாகத் தலைவர். தங்கமான மனுஷன். மூளை மட்டும் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடும். அவரை வாட்டியது ஒரே கவலை: சங்கம் உடையக் கூடாது. போன சங்கத் தேர்தலில் தோற்ற கஸ்தூரிரங்கன், பதின்மூன்று குடும்பங்களையும் சங்கத்து மைக் ஸ்டாண்டையும் கிளப்பிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனிச் சங்கம் வைத்துவிட்டார். அவர்களைத் திரும்ப இழுக்க வேண்டுமென்றால் பொங்கல் விழாவுக்கு யாராவது பெரிய புள்ளியைக் கொண்டுவர வேண்டும்.

புள்ளி தானாக வந்து மாட்டியது. எப்படி என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் ஜனங்கள் போடுகிற ஓட்டு நேரே ஜனாதிபதிக்குப் போய்ச் சேராது. ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிகள் சில பேரை நியமித்து வைத்திருக்கும். எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அதன் ஆட்கள் டிசம்பரில் கூடி, ஜனாதிபதிக்கு ஒரு சீட்டு, துணை ஜனாதிபதிக்கு ஒரு சீட்டு என்று எழுதிப் போட்டால்தான் கணக்கு. கோல்டன்பரோவுக்கு அப்படி மூன்று பேர். அந்த ஊரில் நாம் ஜெயித்து யார் பார்த்தார்கள் என்று கழுகுக் கட்சி, கூட்டத்துக்குத் தவறாமல் மசால் வடை கொண்டுவந்த மூன்று பேரின் பெயரைக் கொடுத்துவிட்டது. தணிகாசலம், பல் டாக்டர் உலகளந்தான், பெட்ரோல் பங்க் இன்னாசிமுத்து.

கட்சி ஜெயித்துத் தொலைத்தது. அதுவும் எப்படி? மற்ற ஐம்பது மாநிலத்திலும் எண்ணிப் பார்த்தால் கழுகு வேட்பாளர் பீபாடியும் எருமை வேட்பாளர் விட்டகர் அம்மாவும் சரிக்குச் சரி. அப்படிச் சமமாக நின்றால், மிச்ச மாநிலம் எழுதுகிற பெயரே இரண்டு பதவிக்கும் முடிவு என்பது அந்த நாட்டுச் சட்டம். மிச்சம் இந்த மூன்று பேர்தான்.

பீபாடியே போன் போட்டார். “நண்பரே, என்னை ஜனாதிபதி ஆக்குங்கள். உங்கள் பொங்கலுக்கு நானே வருகிறேன்.” தணிகாசலத்துக்கு அதற்கப்புறம் கால் தரையில் பாவவில்லை.

கட்சிப் பொறுப்பாளர் பிரெண்டா மூவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

“பத்திரிகைக்காரர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம், நம் கட்சியின் கொள்கை ஒன்றே ஒன்றுதான். நாடு பிளவுபடக் கூடாது. அதை மனதில் வைத்து எழுதுங்கள்.”

“சரிங்க மேடம்” என்றார்கள் மூவரும், மனதில் வைத்துக்கொண்டு.

டாக்டர் உலகளந்தான் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலை பல் பிடுங்க வந்தவர் ஒரு நிருபர் என்று தெரிந்ததும், எந்தப் பல் என்றுகூட அவரிடம் கேட்கவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் சரியான பல் வந்தது.

ஓட்டுப் போடும் நாள். தலைமைச் செயலகத்தில் தனி அறை, மேஜையில் சீட்டுகள். முதல் சீட்டில் மூவரும் பீபாடி என்று எழுதி முடித்தார்கள். துணை ஜனாதிபதி சீட்டில் கட்சி சொன்ன பெயர் கிளைட் மோர். தணிகாசலம் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“டாக்டர் சார், ஒரு சந்தேகம். தோத்துப்போன அந்த விட்டகர் அம்மா சும்மா இருப்பாங்களா?”

“எப்படிய்யா இருப்பாங்க? கஸ்தூரிரங்கன் இருந்தாரா?”

“அவர் பதின்மூணு குடும்பத்தோட போனார். இந்த அம்மா பின்னாடி எத்தனை பேர்?”

இன்னாசிமுத்து செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னான். “ஏழு கோடி, தலைவரே.”

டாக்டர் அதை வாங்கிச் சைபர்களை எண்ணிப் பார்த்தார்.

“ஏழு கோடிப் பேர் ஒரே நேரத்துல வெளிநடப்பு செஞ்சா,” என்றார் டாக்டர் மெதுவாக, “இந்த நாட்டுல ஒரு மைக் ஸ்டாண்டு மிஞ்சுமா?”

தணிகாசலத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன மைக் ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது. அன்றைக்கே கஸ்தூரிரங்கனுக்கு ஒரு துணைத் தலைவர் பதவியைக் கொடுத்திருந்தால் சங்கம் இந்தக் கதிக்கு வந்திருக்குமா? அந்தத் தப்பை இன்னொரு தரம் செய்ய அவர் தயாராக இல்லை. மூவரும் இரண்டாவது சீட்டில் விட்டகர் என்று எழுதினார்கள்.

“பாவம், மோரு என்ன பண்ணுவாரு?” என்றான் இன்னாசி.

அதுவும் நியாயம்தான். மூன்றாவதாக ஒரு சீட்டு உண்டா என்று அதிகாரியைக் கேட்டார்கள். இல்லை என்றார். ஆகவே சீட்டின் பின்பக்கம், ‘கலை நிகழ்ச்சிப் பொறுப்பு: திரு. மோர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முடிவைக் கேட்டு பிரெண்டா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன காரியம் செய்தீர்கள்?”

“நாடு பிளவுபடக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“ஐயோ, அது மேடையில் பேசுவது!”

“அதை நம்பித்தானே நாங்க கட்சியில சேர்ந்தோம்!”

இருபது வருஷ அரசியலில் இப்படி ஒரு காரணத்துக்காகக் கட்சியில் சேர்ந்தவர்களை அவள் பார்த்ததே இல்லை.

நாடு ஒன்றுபட்டது. கட்சிகள்தான் உடைந்தன. எருமையோடு ஆட்சியா என்று கழுகில் பாதி பிய்த்துக்கொண்டது. கழுகுக்குத் துணையா என்று எருமையில் பாதி. சின்னம் யாருக்கு என்று வழக்கு. சிறகு விரித்த கழுகு ஒரு அணிக்கு, சிறகு மடக்கிய கழுகு இன்னொரு அணிக்கு என்று தீர்ப்பு வந்தது. எருமை இடது பக்கம் பார்த்து ஒன்று, வலது பக்கம் பார்த்து ஒன்று. கட்சி உடையக் காரணமான பீபாடி கழுகின் இரண்டு அணிக்கும் துரோகி. அவர் பதவி ஏற்ற மறுநாளே அந்த இரண்டு அணியும் சேர்ந்து செய்த ஒரே காரியம், அவரைக் கட்சியை விட்டு நீக்கியதுதான்.

பொங்கல் விழாவை, மண்டபம் காலியாக இருந்த ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை வைத்தார்கள். சொன்ன சொல் மாறாமல் ஜனாதிபதி வந்தார். அவரைப் பார்க்கக் கஸ்தூரிரங்கனும் பதின்மூன்று குடும்பங்களும் வந்தார்கள். தணிகாசலம் அழுதேவிட்டார். சங்கம் ஒன்றாகிவிட்டது! நாலு வருஷத்துக்கப்புறம் ஒரே பந்தியில் சாப்பாடு!

பீபாடி சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னார். “எனக்கென்று இப்போது எந்தக் கட்சியும் இல்லை. இங்கே சேர்ந்துகொள்ளலாமா?”

“தாராளமா! துணைத் தலைவர் பதவியே தரோம்!”

பீபாடி கையைத் துடைத்துக்கொண்டார். “அப்படியானால் தலைவர் யார்?”

“நான்தான்” என்றார் தணிகாசலம், வெள்ளந்தியாக.

ஜனாதிபதி எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை ஊரில் புதுப் பலகை மாட்டப்பட்டது: ‘அகில அமெரிக்கத் தமிழ்ச் சங்கம், பீபாடி அணி’. தலைவருக்குத் தெரிந்த தமிழ் வணக்கம் ஒன்றுதான். இருந்தாலும் நாற்பத்தொரு குடும்பங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. கஸ்தூரிரங்கன் அங்கே பொதுச்செயலாளர்.

தணிகாசலம் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். “இப்ப தோத்தவங்க யாரு? நாம. அப்போ துணைத் தலைவர் பதவி யாருக்குத் தரணும்? நமக்கு. இணைஞ்சுடலாம், வாங்க.”

மூவரும் ஒரு சந்தன மாலையோடு வெள்ளை மாளிகை வாசலில் போய் நின்றார்கள். காவலாளி நோட்டைத் திறந்தான்.

“என்ன விஷயம்?”

“இணைப்புப் பேச்சுவார்த்தை.”

“துணைத் தலைவர் பதவி ஒன்றுதான் காலி என்று எழுதியிருக்கிறது. உங்களில் யாருக்கு?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை தணிகாசலத்தின் கையில் இருந்தது. டாக்டர் அதன் ஒரு முனையைப் பிடித்தார், இன்னாசி இன்னொரு முனையைப் பிடித்தான்.

உள்ளே கேட்டுவிட்டு வந்து காவலாளி கதவைத் திறந்தபோது, வாசலில் மூன்று சங்கங்கள் தனித்தனியாக, ஆளுக்கொரு துண்டு மாலையோடு வரிசையில் நின்றன.